மிதிப்பதற்கென்றே ஒரு ஓவியம்

மேடையில் கிட்டார் வாசிப்பவரின் விரல்களைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். நான் இப்போதெல்லாம் கால்களைப் பார்க்கிறேன். பாட்டு உச்சத்துக்கு ஏறுகிற நேரத்தில் ஒரு கால் மெல்ல முன்னே நகரும், 'டக்'கென்று எதையோ மிதிக்கும். அதுவரை சாதுவாக இருந்த கிட்டார் உறுமத் தொடங்கும். அந்த எதையோதான் எஃபெக்ட்ஸ் பெடல் என்கிறார்கள். உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய உலோக டப்பா. முதல் வரிசை ரசிகருக்கும் தெரியாத இடத்தில், தூசிக்கும் வயர்களுக்கும் சிந்திய குளிர்பானத்துக்கும் நடுவே, ஷூவுக்கு அடியில் அதன் வாழ்க்கை. அதன் முகத்தில் நாள்கணக்காக உட்கார்ந்து படம் பொறிக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? உளி இல்லை, சுத்தியல் இல்லை. ரசாயனக் கரைசலில் முக்கி, உலோகத்தைக் கரைத்து!

இந்த ரகசிய உலகம் எனக்குத் திறந்தது சித்தி மகன் வழியாக. வாரநாட்களில் அவன் மென்பொருள் கம்பெனி ஊழியன். சனி, ஞாயிறில் சென்னை வீட்டு மொட்டை மாடி அறையில் சொந்தமாகப் பெடல் கட்டுகிறவன். "அக்கா, இந்தத் தடவை டப்பா மேல படம் போடப் போறேன், வந்து பாரு. ஆனா பழைய துணி போட்டுட்டு வா" என்றான். கூப்பிடும்போதே உடைக்கு ஆபத்து என்று எச்சரிக்கப்படுகிற நிகழ்ச்சிகளை நான் தவறவிடுவதே இல்லை.

மேசை முழுக்க ரிச்சி தெருவிலிருந்து வாங்கி வந்த பொட்டலங்கள். ரெசிஸ்டர், கெபாசிட்டர், குமிழ்கள், காலால் அழுத்தும் தடித்த சுவிட்ச். ஓரத்தில் பளபளப்பே இல்லாத அலுமினிய டப்பாக்கள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. "அது 1590என்1, இது 1590பி" என்று மாடுகளுக்குப் பேர் சொல்கிற பாசத்தோடு காட்டினான். கனடாவின் குவெல்ஃப் நகரத்தில் இருக்கும் ஹேமண்ட் நிறுவனம் தன் வார்ப்பு டப்பாக்களுக்கு வைத்த எண்கள் அவை. எந்த மின்னணுச் சாதனத்தையும் அடைத்துக்கொள்ளலாம் என்று செய்யப்பட்ட டப்பாக்கள். அவற்றைப் பெடல் கட்டுகிறவர்கள் தங்களுக்கென்று சுவீகாரம் எடுத்துக்கொண்டுவிட்டார்கள். இன்றைக்கு யார் வார்த்து விற்றாலும், பலர் அந்த ஹேமண்ட் எண்ணைச் சொல்லித்தான் கேட்கிறார்கள்.

உள்ளே போகப்போகும் சர்க்யூட்டை முதலில் காட்டினான். ஏமாற்றமாக இருந்தது, அவ்வளவு சின்னது! 1966-இல் லண்டனில் ஆர்பிட்டர் நிறுவனம் வெளியிட்ட ஃபஸ் ஃபேஸ் பெடலின் நகல். இரண்டு டிரான்சிஸ்டர், நான்கு ரெசிஸ்டர், மூன்று கெபாசிட்டர், இரண்டு குமிழ். அவ்வளவுதான். ஜிமி ஹென்ட்ரிக்ஸின் கிட்டார் அப்படிக் கர்ஜித்ததற்குப் பின்னால் இந்தக் கைப்பிடிச் சாமான்கள் இருந்தன என்பதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. அந்த முதல் ஃபஸ் ஃபேஸ் வட்டமாக இருக்கும். மைக் ஸ்டாண்டின் அடித்தட்டைப் பார்த்து அந்த வடிவத்தைப் பிடித்தார்களாம். இரண்டு குமிழ் கண்களாகவும் கீழே எழுதிய பெயர் சிரித்த வாயாகவும் அமைந்துவிட்டது. ஆக, பெடலுக்கு முகம் வரைகிற ஆசை பழையதுதான்.

அதற்குப் பிறகு வந்தவர்களும் சளைக்கவில்லை. 1979-இல் வந்த ஐபனேஸ் டியூப் ஸ்க்ரீமரைப் பச்சை நிறத்தை வைத்தே தூரத்திலிருந்து சொல்லிவிடலாம். 1990-களில் வந்த க்ளான் சென்டார் பெடலின் மேல் பாதி மனிதன் பாதி குதிரையாக ஒரு வீரன் வாளோடு பாய்கிறான். சர்க்யூட்டை யாரும் காப்பியடித்துவிடக் கூடாதென்று உள்ளே கறுப்பு எபாக்ஸியை ஊற்றி மூடியிருப்பார்கள். அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்து ஸீ.வெக்ஸ் பெடல்களின் பெயரே ஒவ்வொன்றையும் கையால் பெயின்ட் அடித்து விற்றதில்தான் ஊரெங்கும் பரவியது.

"அப்ப நீயும் பெயின்ட் அடிச்சிடலாமே?" என்று கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது என்பதுபோல் பார்த்தான். பிறகு பழைய பெடல் ஒன்றை எடுத்துக் காட்டினான். சுவிட்சைச் சுற்றிப் பெயின்ட் உரிந்து வெறும் உலோகம் தெரிந்தது. தினமும் மிதிபடுகிற பொருளில் மேற்பூச்சாக என்ன போட்டாலும் ஷூ அதைத் தின்றுவிடும். பள்ளத்துக்குள் இறங்கிய கோட்டை ஷூவால் தொட முடியாது. மிதிப்பதற்கென்றே ஒரு ஓவியம் செய்வதென்றால் அது மேற்பரப்புக்குக் கீழே இருந்தாக வேண்டும். நான் இதை அலங்காரம் என்று நினைத்து வந்திருந்தேன். தம்பி பேசியதோ தேய்மானக் கணக்கு.

என்னைக் குதிக்க வைத்த செய்தி அடுத்தது. உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டும் இதே வித்தையில்தான் பிறக்கிறது! லேசர் பிரின்டரின் டோனர் மை என்று நாம் சொல்வது உண்மையில் பிளாஸ்டிக் தூள். சூடு பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும். செம்புத் தகட்டின் மேல் சர்க்யூட் கோடுகளை டோனரால் ஒட்டி, ஃபெரிக் குளோரைடு கரைசலில் போட்டால் மூடாத செம்பெல்லாம் கரைந்துபோய்க் கோடுகள் மட்டும் மிஞ்சும். வீட்டில் போர்டு செய்கிற எல்லோருக்கும் தெரிந்த முறை இது. டப்பாவுக்குள் மின்சாரம் ஓடும் வழியைப் போடுகிற அதே கை, அதே மை, டப்பாவுக்கு வெளியே வந்து படமும் போடுகிறது. 'இவ்வளவு தூரம் வந்தாச்சு, வெளியேயும் ஒரு கை பார்த்துடலாமே' என்று ஏதோ ஒரு ராத்திரியில் யாருக்கோ தோன்றியிருக்க வேண்டும். அந்த ராத்திரி வாழ்க!

இப்போது படம். தம்பி தேர்ந்தெடுத்திருந்தது மெக்சிகோவின் ஹொசே குவாடலூபே போசாடா செய்த காத்ரீனா. அகலமான பூத்தொப்பி போட்ட எலும்புக்கூட்டுச் சீமாட்டி. வாய் கொள்ளாத பல் சிரிப்பு. போசாடா 1913-இல் இறந்துவிட்டார், உரிமைத் தொல்லை கிடையாது. தம்பி அதற்காக மட்டும் எடுக்கவில்லை. "கண்குழி ரெண்டையும் பாரு" என்றான். பார்த்தேன். ஒரு கண்குழியில் ஃபஸ் குமிழ், இன்னொன்றில் வால்யூம் குமிழ்! மூக்கு ஓட்டையில் சிவப்பு எல்.இ.டி. சத்தத்தைக் கூட்ட வேண்டுமென்றால் மண்டையோட்டின் கண்ணைத் திருக வேண்டும். எனக்குக் கைதட்டத் தோன்றியது, தட்டியும்விட்டேன். இன்னொரு சுவை: காத்ரீனாவே முதலில் துத்தநாகத் தகட்டில் அமிலம் அரித்து உருவான படம். நூறு ஆண்டு கழித்து அலுமினியத்தில் மறுபடியும் அரிபடப் போகிறாள்.

எல்லாப் படமும் இதற்கு ஒத்துவராது. அரிப்புக்குச் சாம்பல் நிறம் தெரியாது. உண்டு அல்லது இல்லை, அவ்வளவே. புகைப்படம் மாதிரி நிழலும் மென்மையும் உள்ளதைப் போட்டால் சேறாகிவிடும். மரச்செதுக்கு, பழைய புத்தகங்களின் கோட்டுச் சித்திரம் போன்றவை அற்புதமாக வரும். கோடு ரொம்ப மெல்லிசாகவும் இருக்கக் கூடாது. கரைசல் கீழே மட்டும் தின்பதில்லை, பக்கவாட்டிலும் டோனருக்கு அடியில் புகுந்து தின்னும். மயிரிழை போன்ற மேடுகள் காணாமல் போய்விடும். அதனால் தம்பி தொப்பியின் பாதி இறகுகளைக் கணினியில் கழித்துவிட்டான். போசாடா மன்னிப்பாராக.

படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி, கறுப்பை வெள்ளையாகவும் வெள்ளையைக் கறுப்பாகவும் மாற்றிக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போனோம். சாதாரணத் தாள் கூடாது. வழவழப்பான பத்திரிகைத் தாள் வேண்டும். அதன் களிமண் பூச்சு தண்ணீரில் ஊறி டோனரைச் சுலபமாக விட்டுக்கொடுக்கும். இங்க்ஜெட் பிரின்டர் அறவே உதவாது, அதன் மை உருகாது. தம்பி ஒரு பத்திரிகையிலிருந்து கிழித்து வந்த பக்கத்தில் கல்யாண நகை விளம்பரம் இருந்தது. ஒட்டியாணமும் நெற்றிச்சுட்டியுமாக நின்ற மணப்பெண்ணின் மேல் எலும்புக்கூடு அச்சாகி வெளியே வந்தபோது கடைக்காரர் எங்களைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது. காசு வாங்கிக்கொண்டார், கேள்வி கேட்கவில்லை. பழைய அச்சு மை தாளோடு தங்கிவிடும், புது டோனர் மட்டும் இடம் மாறும் என்று வழியெல்லாம் எனக்கு உறுதி சொல்லிக்கொண்டே வந்தான்.

வீட்டுக்கு வந்ததும் உப்புத்தாள். சொரசொரப்பில் ஆரம்பித்து நைசானது வரை, வார்ப்பின் குழிகள் போகத் தேய்க்க வேண்டும். தேய்த்தான், தேய்த்தான், தேய்த்துக்கொண்டே இருந்தான். இந்தப் பகுதியில் பரபரப்பு ஒன்றும் இல்லை, தாண்டிவிடலாம். கடைசியில் அசிட்டோனில் நனைத்த துணியால் துடைத்தான். விரல் ரேகையின் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருந்தாலும் டோனர் அந்த இடத்தில் பிடிக்காது.

அப்போதுதான் கீழேயிருந்து சித்தியின் குரல். "என் இஸ்திரிப் பெட்டியை மறுபடியும் மாடிக்குத் தூக்கிட்டுப் போயிட்டானா?"

போய்விட்டான். டப்பாவை முதலில் நன்றாகச் சூடாக்கினான். அலுமினியம் சூட்டை உறிஞ்சி ஊரெல்லாம் பரப்பிவிடும், குளிர்ந்த டப்பாவில் டோனர் உருகாது. தாளைக் கவிழ்த்து வைத்து, ஆவி இல்லாமல், பருத்தித் துணிக்கு வைக்கும் சூட்டில் அழுத்தினான். அசையாமல் அழுத்த வேண்டும். அரை மில்லிமீட்டர் நழுவினால் சீமாட்டிக்கு இரண்டு மூக்கு. பிறகு வாளித் தண்ணீரில் ஊறவிட்டுக் கட்டைவிரலால் தாளை உருட்டி உருட்டி எடுக்கும் வேலை எனக்குக் கிடைத்தது. மணப்பெண் கூழாகிப் போனாள். அவளுக்குக் கீழேயிருந்து கறுப்பில் காத்ரீனா வந்தாள், முழுசாக, பல்லைக் காட்டிக்கொண்டு! டோனர் விட்டுப்போன ஊசிமுனைப் புள்ளிகளுக்கு நெயில் பாலிஷ் தொட்டு வைத்தோம். பக்கச் சுவர்களைப் பேக்கிங் டேப்பால் சுற்றினோம்.

எதில் அரிப்பது என்பதில் பெடல் கட்டுகிறவர்களுக்குள் இரண்டு கட்சி உண்டு. ஃபெரிக் குளோரைடு கட்சி வேகத்தை விரும்புகிறது. செம்பை நிதானமாகத் தின்னும் அந்தக் கரைசல் அலுமினியத்தைக் கண்டால் வெறிகொள்ளும். சூடேறிப் பொங்கும், மூக்கை எரிக்கும் ஆவி வரும், தண்ணீர் நிறையக் கலந்து அதன் கொட்டத்தை அடக்க வேண்டும். சூடு மிஞ்சினால் டோனரே இளகி உரிந்துவிடும். பட்ட இடமெல்லாம் பழுப்புக் கறை வேறு. நான் மறு கட்சி. தம்பியும் அதுதான்: மயில்துத்தமும் சமையல் உப்பும். தோட்டக்காரர்கள் பயிர்ப் பூஞ்சைக்குக் கலக்கும் அதே நீலக்கல்.

பிளாஸ்டிக் தட்டில் மயில்துத்தத்தைக் கரைத்ததும் அறையே நீலமாகிவிட்டது போலிருந்தது. (அலுமினியக் கிண்ணம் எடுத்தீர்களானால் கிண்ணத்துக்கே ஓட்டை விழும்.) கையுறை, கண்ணாடி மாட்டிக்கொண்டு தட்டைத் திறந்த மாடிக்குக் கொண்டுபோனோம். உப்பைப் போடும் முன் தம்பி ஒரு துண்டு அலுமினியத்தை நீலக் கரைசலில் போட்டுக் காட்டினான். ஒன்றும் நடக்கவில்லை. சும்மா கிடந்தது. காற்று பட்டதுமே அலுமினியத்தின் மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடு தோல் படர்ந்துவிடுகிறது, அதைத் தாண்டிச் செம்பால் உள்ளே போக முடியாது. "இப்பப் பாரு" என்று கரண்டியால் உப்பை அள்ளிப் போட்டுக் கலக்கினான். உப்பின் குளோரைடு அந்தத் தோலைக் கிழித்துவிடுகிறது. ஐயோ! நீலம் பச்சையாகத் திரும்பியது, துண்டைச் சுற்றிக் குமிழிகள் கிளம்பின, செக்கச்செவேல் என்று பஞ்சு பஞ்சாய் ஏதோ வளர்ந்து உதிர்ந்தது. அது அசல் செம்பு. அலுமினியம் கரைசலுக்குள் போய், அங்கே கரைந்திருந்த செம்பை வெளியே தள்ளிவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் இடப்பெயர்ச்சி வினை என்று சமன்பாடாக எழுதி மதிப்பெண் வாங்கினேனே, அது இப்படி இருக்கும் என்று அப்போது ஒருவரும் காட்டவில்லை.

பிறகு காத்ரீனாவின் முறை. டப்பாவில் இன்னும் ஒரு துளைகூடப் போடவில்லை என்பதால் முகத்தைக் கவிழ்த்து வைத்ததும் அது மிதந்தது! தம்பி முதலில் அரித்துவிட்டு அப்புறம் துளை போடும் கட்சி, காரணம் இதுதான். முகம் கீழே இருந்தால் உதிரும் செம்பு படத்தின் மேல் படியாமல் தட்டின் அடிக்குப் போய்விடும். ஆனால் குமிழிகள் அடியில் சிக்கிக்கொள்ளும், சிக்கிய இடத்தில் அரிப்பு நிற்கும். அதனால் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை தூக்க வேண்டும், வாளித் தண்ணீரில் கழுவ வேண்டும், மெல்லிய பிரஷால் செம்புப் பாசியைத் தள்ள வேண்டும், மறுபடி மிதக்கவிட வேண்டும். கையால் தொட்டுப் பார்த்தால் தட்டின் அடி வெதுவெதுவென்று இருந்தது. கிளம்பும் குமிழிகளில் ஹைட்ரஜன் உண்டு, பக்கத்தில் தீக்குச்சி கூடாது.

இந்தக் காத்திருப்பு நேரத்தில் தம்பி கைபேசியில் ஒரு கவசத்தின் படத்தைக் காட்டினான். ஐரோப்பியப் போர்வீரர்களின் இரும்புக் கவசங்களில் கொடியும் பூவும் இப்படித்தான் பொறித்தார்களாம், அமிலத்தால். ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்தில் கவசம் அலங்கரித்துக்கொண்டிருந்த டேனியல் ஹோப்ஃபர் 1500-ஐ ஒட்டி அதே முறையில் தகடு செய்து தாளில் அச்செடுக்கத் தொடங்கினார். ஆல்பிரெக்ட் டியூரர்கூட 1515 முதல் 1518 வரை இரும்புத் தகட்டில் ஆறு படங்கள் அரித்துப் பார்த்தார், பிறகு விட்டுவிட்டார். ஓவியச் சரித்திரம் இந்த வித்தையைக் கவசத்திலிருந்து தாளுக்குக் கொண்டுபோனது. தம்பிமார்கள் அதைத் திரும்பவும் அடி தாங்கும் உலோகத்துக்கே கொண்டுவந்துவிட்டார்கள்.

நகத்தால் வருடினால் கோட்டில் தடுக்கும் அளவுக்கு ஆழம் வந்ததும் வெளியே எடுத்து, சோடா உப்புத் தண்ணீரில் கழுவினோம். அசிட்டோனால் துடைக்கத் துடைக்க டோனர் கறுப்பாக இழுபட்டு அழிந்தது. அடியில் பளபளக்கும் மேடு. அரிபட்ட பள்ளமெல்லாம் கருஞ்சாம்பல். இந்த டப்பாக்கள் சுத்த அலுமினியம் இல்லை, வார்ப்புக்கு வசதியாகச் சிலிக்கன் கலந்தவை. அலுமினியம் கரைந்து போன இடத்தில் சிலிக்கன் கரி பூசியது மாதிரி தங்கிவிடுகிறது. பெயின்ட் இல்லாமலே அழகாக இருந்தது. இப்படியே விட்டுவிடேன் என்று கெஞ்சினேன். அவன் கேட்கவில்லை, கறுப்பு ஸ்பிரேயை எடுத்து முகம் முழுவதும் அடித்துப் படத்தையே மூடிவிட்டான்.

மறுநாள் காய்ந்த பிறகு, தட்டையான கட்டையில் நைஸ் உப்புத்தாளைச் சுற்றித் தண்ணீர் தொட்டுத் தேய்த்தபோதுதான் ஏன் கேட்கவில்லை என்று புரிந்தது. மேட்டிலிருந்த கறுப்பு மட்டும் போக, பள்ளத்துக் கறுப்பு அப்படியே நின்றது. ஒரு தேய்ப்பில் தொப்பி. இன்னொன்றில் கன்ன எலும்பு. அடுத்ததில் பல் வரிசை! "குடு குடு, நான் தேய்க்கிறேன்" என்று பிடுங்கிக்கொண்டேன். நெற்றியின் ஓரத்தில், குமிழி சிக்கிய இடத்தில், அரிப்பு பாதியில் நின்று மேகம் மாதிரி ஒரு திட்டு. கணினியில் போட்ட படத்தில் அது இல்லை. எனக்குப் பிடித்த இடம் அதுதான். தொழிற்சாலையில் அச்சாகி வருகிற பெடல் முகங்களில் எத்தனை தேடினாலும் இந்தத் திட்டு கிடைக்காது. பாதிப் படத்தைக் கரைசல் தன் இஷ்டத்துக்குப் போட்டுவிடுகிறது.

அடுத்தது நெஞ்சு படபடக்கும் கட்டம். முடிந்த ஓவியத்தின் கண்ணிலேயே டிரில் ஓட்ட வேண்டும். துளை வரவேண்டிய இடங்களில் சிலுவைக்குறிகளையும் படத்தோடு சேர்த்தே அரித்திருந்தான், அவற்றின் நடுவில் சென்டர் பஞ்சால் தட்டிப் பள்ளம் செய்துகொண்டான். குமிழ்களுக்கு 7 மில்லிமீட்டர், சுவிட்சுக்கு 12. பிட் வழுக்கினால் சீமாட்டியின் முகத்தில் குறுக்காக ஒரு கீறல், அதற்கு மருந்தே இல்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். வழுக்கவில்லை.

தெளிவான லாக்கர் அடித்துக் காயவைத்து, சர்க்யூட்டை உள்ளே திருகி, பேட்டரியை மாட்டி ஆம்ப்ளிஃபயரில் செருகினான். மிதிக்க அவனுக்கே மனசு வரவில்லை. "நீ மிதிக்கா" என்றான். மிதித்தேன். சிவப்பு மூக்கு எரிந்தது, அவன் ஒற்றைத் தந்தியை இழுத்தான், பக்கத்து மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த ஒரு அம்மா கிளிப்பைக் கீழே போட்டுவிட்டார். வலது கண்ணைத் திருகினேன், இன்னும் கத்தியது!

தட்டில் மிஞ்சிய கரைசலைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது, செம்பு மீன்களுக்கு விஷம். அலுமினியத் துண்டுகளைப் போட்டு நிறம் முழுக்கப் போகும்வரை விட்டு, படிந்த செம்பை வடிகட்டி எடுத்துக்கொண்டிருந்தோம். அந்த நேரத்தில் இஸ்திரிப் பெட்டியை மீட்டுப் போக சித்தி மேலே வந்தார். பெடலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மண்டையோடு பிடிக்கவில்லை. ஆனால் கோட்டின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே இருந்தார். கீழே போய் ஒரு எவர்சில்வர் தூக்கோடு திரும்பி வந்தார். "கடையில பேரு வெட்டினா புள்ளி புள்ளியாத்தான் வெட்டுறான். இதுல கொடி போட்டு, நடுவுல என் பேரு வருமாடா?"

எவர்சில்வரிடம் மயில்துத்தம் செல்லாது, ஃபெரிக் குளோரைடுதான் வேண்டும் என்று ஆரம்பித்தான் தம்பி. சித்திக்கு அந்தக் கதை வேண்டியிருக்கவில்லை. இப்போது அவன் பிரச்சினை வேறு: உருண்டையான தூக்கின் மேல் தட்டையான இஸ்திரிப் பெட்டியை எப்படி ஓட்டுவது? நூலை எடுத்துத் தூக்கின் சுற்றளவை அளக்கத் தொடங்கிவிட்டான்.